என். கனகசபை பட்டாளத்தில் தேறிய கதை

ஆமி வருவதற்கு முன் கடிதம் போடும் என்பது தீவுக் கிராமமான கரம்பொனில் எவருக்கும் தெரியாத சங்கதி. கரம்பொன் அறிந்த ஆமி விடியப்புறத்தில் வேலியைப் பிரித்துக்கொண்டு வரும். வந்த பிறகுதான் ஆர் எவர் என்று விசாரிக்கும். ஆகவே சித்திரை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தபால்காரன் கதிர்காமு நீளமான நீல உறையொன்றை நீட்டி, "அண்ணை, வெளிநாட்டு ஆமி உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கு" என்றபோது, எழுபத்தொரு வயதுக் கனகசபை அதை வாங்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். பழக்கதோஷம். கதிர்காமு மரியாதை தெரிந்தவன். சிரிக்காமல் உறையை அவருடைய சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனான்.

உறையின் மூலையில் கிரீடம் வைத்த மீனொன்று வாளைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன நாடு. பனியும் சமாதானமும் அதற்குப் போதிய அளவு உண்டு. பெயரைச் சொன்னால் தூதரகம் மனம் வருந்திக் கடிதம் எழுதும். அவர்களிடமிருந்து கடிதம் வந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதையே.

உள்ளே தமிழில் இப்படி இருந்தது:

"அன்புள்ள என். கனகசபை, வாழ்த்துகள்! நாட்டைக் காப்பதற்கு நீ அழைக்கப்பட்டிருக்கிறாய். இதைப் பற்றி நீ எப்படி உணர்கிறாய் என்பது எங்களுக்கு மிக முக்கியம். பதினான்கு நாட்களுக்குள் படிவத்தை நிரப்பி அனுப்பு. அனுப்பாவிட்டால் நீ மகிழ்ச்சியாக உணர்கிறாய் என்று எடுத்துக்கொள்வோம். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி உன் வயது, பால், முழுப்பெயர் ஆகியவை இக்கடிதத்தில் உனக்கும் மறைக்கப்பட்டுள்ளன."

கனகசபை மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் வியர்த்தது. வாழ்த்தோ மீனோ அவரை அவ்வளவாக உலுப்பவில்லை. அந்த 'நீ'தான் உலுப்பியது. ஊரில் அவரை நீ என்று சொல்ல இருந்தது அவருடைய தமக்கை ஒருத்திதான். அவவும் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டா. மற்றபடி அவரை நீ என்று அழைத்தவை சோதனைச் சாவடிகள் மட்டுமே. உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஆமிக்கு ஒரே இலக்கணம்தான் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"இஞ்சேரும், என்னை ஆமிக்குக் கூப்பிடுறாங்கள்" என்றார் மனைவி அம்பிகையிடம்.

"உங்களையோ? கோயில் படி மூண்டையும் ஏற ரெண்டு தரம் நிண்டு மூச்சு வாங்கிறியள். உங்களைக் கொண்டுபோய் என்னப்பா செய்யப்போறாங்கள்?"

"பங்கர் வெட்ட விடுவாங்கள்."

அம்பிகைக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே வளவுப் படலையைக் கொளுவிவிட்டு வந்தாள். பிறகு இருவரும் மகன் சுதாகரனுக்கு ரெலிபோன் எடுத்தார்கள். சுதாகரன் இருபத்தேழு வருடமாக அந்த நாட்டில்தான் இருக்கிறான். கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்பா, அது உங்களுக்கில்லை. நிலாந்திக்கு வந்தது. அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுதெல்லே."

விசயம் இதுதான். பதினெட்டு வயதில் சுதாகரன் அந்த நாட்டு விமான நிலையத்தில் போய் இறங்கியபோது, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நம்முடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? குடும்பம் என்றால் தகப்பன், தகப்பன் என்றால் கனகசபை என்று எழுதிக்கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அவனும் கனகசபை, அவன் மனைவியும் கனகசபை, மகள் நிலாந்தியும் கனகசபை. பிறகு வாங்கின நாய்கூட மிருக வைத்தியரின் பதிவில் கனகசபைதான். இங்கே கரம்பொனில் இருப்பவரோ நாகமுத்து கனகசபை. ஆங்கில எழுத்தில் சுருக்கினால் அப்பப்பாவும் என். கனகசபை, பேத்தியும் என். கனகசபை. போன வருடம் நிலாந்தி விடுமுறைக்கு வந்து மூன்று மாதம் நின்றபோது, அந்த நாட்டுச் சட்டப்படி இந்த விலாசத்தைப் பதிந்துவிட்டு வந்தாள். திரும்பிப் போனதைப் பதிய மறந்துபோனாள்.

கனகசபைக்கு இப்போதுதான் உண்மையான பயம் வந்தது.

"என்னடா சிரிக்கிறாய்? பொம்பிளைப் பிள்ளையடா!"

"இஞ்ச ஆம்பிளை பொம்பிளை எண்டு பாக்கிறேல்லை அப்பா. சமத்துவம்."

"துவக்குக் குடுப்பாங்களோ?"

"ஓம், பின்ன?"

"ஆரோட சண்டை?"

"ஒருத்தரோடயும் இல்லை. பக்கத்தில பெரிய நாடு ஒண்டு கிடக்கு. சும்மா ஒரு ஆயத்தம்."

"இஞ்சயும் சும்மா ஆயத்தம் எண்டுதானடா துவங்கினது."

சுதாகரன் பேச்சை மாற்றி, அங்கே வெயில் எப்படி என்று கேட்டான்.

போன வருடம் கோயில் கொடியேற்றத்தில் வெடி கொளுத்தியபோது நிலாந்தி காதைப் பொத்திக்கொண்டு தேர்முட்டிக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்து அழுதாள். பின்னேரம் வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையில் துவக்கா? எந்த ஆமியும் தன்னுடைய பிள்ளையைத் தொடக்கூடாது என்றுதான் கனகசபை சுதாகரனைப் பதினொரு நாள் கூரைக்கும் வளைமரத்துக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்து, கடைசியில் கண்காணாத தேசத்துக்கு ஏற்றிவிட்டார். அந்த நாட்டில் ஆமியே இல்லை, இருந்தாலும் கண்ணில் படாது என்று ஏஜென்சிக்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். இப்போது அந்த ஆமி பேத்தியைக் கேட்கிறது.

"சோதினையில பெயில் விட்டா என்ன செய்வாங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பேரை வெட்டிப்போடுவாங்கள். பிறகு சீவியத்துக்கும் கூப்பிடாங்கள். ஆனா இவள் பெயில் விடமாட்டாள் அப்பா. எதிலயும் முதலாம் பிள்ளை."

கனகசபை ரெலிபோனை வைத்தார். பெயில் விடுவது அவருக்குக் கைவந்த கலை. எஸ்.எஸ்.சி.யை இரண்டு தரம் எடுத்து இரண்டு தரமும் விட்டவர். முழங்கால் ஏலாது, ஒரு கண்ணில் வெண்புரை, சீனி வருத்தம் வேறு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு என். கனகசபை தோற்றால், மற்ற என். கனகசபை தப்பிவிடுவாள். படிவத்தை நிரப்பினார். 'பயணம் செய்ய இயலாதவர்களிடம் நாங்கள் வருவோம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, மகனிடம் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று பொய்யும் சொன்னார்.

ஐந்தாவது கிழமை அவர்கள் வந்தார்கள்.

வெள்ளை வான் ஒன்று பண்ணைப் பாலம் கடந்து, தீவுக்குள் நுழைந்து, நேவிக் காவலரணில் நின்று பதிந்துவிட்டு வந்தது. நேவிக்காரன் கொப்பியில் 'வெளிநாட்டு ஆமி இரண்டு, தமிழர் ஒன்று, நோக்கம் சோதினை' என்று எழுதினானாம். செய்தி வானுக்கு முன்னால் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அயலில் எல்லா வீட்டு யன்னல்களும் சாத்திக்கொண்டன. அம்பிகை ஒருவரும் கேட்காமலே இரண்டு பேருடைய அடையாள அட்டைகளையும் குடும்ப அட்டையையும் எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

இறங்கியவர்களில் பெரியவர் ஒரு மேஜர். நெடுத்த பெண், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பி வணக்கம் சொன்னா. மற்றவன் பெட்டியும் கையுமாக வந்த வைத்திய அதிகாரி. மூன்றாவது ஆள் மொழிபெயர்ப்பாளன் கிளின்ரன். தாய் தகப்பன் ஊர்காவற்றுறை. இவன் பிறந்தது அந்த நாட்டில்.

"நீ பயப்பட வேண்டாம் என்று மேஜர் சொல்கிறார்" என்றான் கிளின்ரன்.

"தம்பி, நீர் எங்கட பக்கத்துப் பிள்ளை. நீங்கள் எண்டு சொன்னா என்ன?"

"ஏலாது ஐயா. எங்கட ஆமியில தளபதிக்கும் நீதான். மாத்திச் சொன்னா சமத்துவக் குற்றம். மேஜரின்ர பேச்சை எழுத்துத் தமிழிலதான் சொல்லவேணும். இல்லாட்டி என்ர சேட்டிபிக்கட்டைப் பறிச்சுப்போடுவினம்."

மேஜர் எழுந்து நின்று ஆரம்ப உரை ஆற்றினா. கனகசபையும் எழுந்து நின்றார். இருக்கச் சொன்னார்கள், அவருக்குப் பயத்தில் இருக்க வரவில்லை.

"எங்கள் இராணுவம் உலகிலேயே அன்பான இராணுவம்" என்று கிளின்ரன் மொழிபெயர்த்தான். "நீண்ட காலமாக நாங்கள் எவரோடும் சண்டை செய்யவில்லை. ஆகவே எங்கள் போர்முறையில் இதுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்கப்படவில்லை. எங்களிடம் நான்கு யுத்த தாங்கிகள் உள்ளன. இரண்டை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்று திருத்தவேலையில் இருக்கிறது. மற்றதைச் சுற்றாடல் காரணங்களுக்காக ஓட்டுவதில்லை. நாங்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. வர விருப்பமா என்று கேட்போம். இல்லை என்றால், ஏன் என்று அக்கறையோடு கேட்போம். பிறகு மறுபடியும் கேட்போம். மூன்றாவது தடவை நீதிமன்றம் கேட்கும்."

வைத்திய அதிகாரி முழங்காலை அமத்திப் பார்த்தான். அது கடக் என்று நல்ல சத்தமாகக் கேட்டது. கனகசபைக்கு உள்ளூரச் சந்தோசம்.

"இருந்தா எழும்ப ஏலாது" என்றார் பெருமையாக. "ஒருத்தர் பிடிச்சுத் தூக்கவேணும்."

மேஜர் தலையாட்டினா. "எங்கள் படையில் நூற்றுக்கு அறுபது பேர் கதிரையிலிருந்தே நாட்டைக் காக்கிறார்கள். அடிக்கடி எழும்பாதவர்களுக்கு அங்கே நல்ல வரவேற்பு."

வெண்புரையைச் சொன்னார். எதிரியைப் பார்க்கும் வேலையை இப்போது கணினி செய்கிறது என்றார்கள். சீனி வருத்தத்தைச் சொன்னார். சீனி வருத்தக்காரரை ஒதுக்கினார்கள் என்று போன வருடம்தான் பத்திரிகை ஏசியதாம்; ஆகவே ஒருவரையாவது தேடிக்கொண்டிருந்தார்களாம்.

"ஒரு கிலோமீற்றர் ஓட முடியுமா?"

"ஏலாது. ஆரும் துரத்தினா ஓடுவன்."

"கடைசியாக எப்போது ஓடினாய்?"

"தொண்ணூற்றொண்டில. பொடியனைத் தோளில தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு ஓடினனான்."

"எவ்வளவு தூரம்?"

"அளக்கேல்லை. செல் விழுந்து வெடிச்சுக்கொண்டிருந்தது."

வைத்திய அதிகாரி தட்டுக் கணினியில் விறுவிறு என்று எழுதினான். கனகசபைக்கு அந்த விறுவிறுப்புப் பிடிக்கவில்லை. பெயில் விடுகிறவனைப் பற்றி எவரும் அவ்வளவு ஆசையாக எழுதுவதில்லை.

மேஜர் ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினா. 'நெருக்கடி வந்தால் நீ' என்பது அதன் பெயர். போர் வந்தால் ஒவ்வொரு குடிமகனும் மின்சாரமில்லாமல் எழுபத்திரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பட்டணத்தில் ஒத்திகை பார்த்தபோது மக்கள் ஒன்பது மணித்தியாலம் தாக்குப்பிடித்தார்கள். அவர்களுக்கான உளவள ஆலோசனை இன்னும் நடக்கிறது.

"நீ எவ்வளவு காலம் மின்சாரமில்லாமல் இருந்திருக்கிறாய்?"

"ஐஞ்சு" என்றார் கனகசபை. ஒன்றும் இல்லாத பட்டிக்காட்டான் என்று கழித்துவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

"ஐந்து நாட்களா?"

"வருசம்."

கிளின்ரன் அதை மொழிபெயர்த்ததும் வைத்திய அதிகாரி பேனையைக் கீழே போட்டான். விளக்குக்கு என்ன செய்தாய் என்று கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் என்றார். வானொலி? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியடியைச் சுற்றினால் டைனமோவில் பாடும் என்றார். சவர்க்காரம்? பனம்பழக் களி. வைத்திய அதிகாரி எல்லாவற்றையும் படமாகக் கீறினான். மேஜரின் கண் கலங்கியிருந்தது.

விசயம் கைமீறிப் போகிறது என்று கனகசபைக்கு விளங்கிவிட்டது. ஒரேயடியாகச் சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தார்.

"தம்பி, நான் சரியான பயந்தாங்கொள்ளி. சப்பாத்துச் சத்தம் கேட்டாலே எனக்கு மூத்திரம் வரும். அதை அப்பிடியே எழுதச் சொல்லும்."

மேஜர் நெஞ்சில் கை வைத்தா. "இதைத்தான் நாங்கள் தேடுகிறோம். எங்கள் வீரர்களைக் கேட்டால் ஒருவருக்கும் பயமில்லையாம். அதைக் கேட்டு எங்களுக்குத்தான் பயமாக இருக்கிறது. எங்கள் முகாமில் பயத்துக்கென்றே ஓர் அறை இருக்கிறது. சுவருக்கெல்லாம் மெத்தை. புதன்கிழமைகளில் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை திறந்திருக்கும். மற்ற நாட்களில் பயப்படுபவர்கள் முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும்."

கடைசிச் சோதனை வந்தது. அது பற்றி முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்பது விதி. வைத்திய அதிகாரி பெட்டியைத் திறந்து ஒரு பொத்தானை அமத்தினான். பெட்டிக்குள் இருந்து பீரங்கி வெடித்தது.

இருந்தால் எழும்ப ஏலாத கனகசபை, ஒருவரும் தூக்காமலே கதிரையை விட்டுக் கிளம்பி மேசைக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார். காது இரண்டையும் பொத்தி, வாயைத் திறந்து, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையை ஊன்றியிருந்தார். குசினி வாசலில் அம்பிகையும் அதே மாதிரிக் கிடந்தாள். அவளைச் சோதிக்க எவரும் வரவில்லை என்பதை அவளுடைய உடம்புக்கு எவரும் அறிவிக்கவில்லை.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தா. "ஒன்று தசம் நாலு செக்கன். எங்கள் படையின் சாதனை ஆறு."

இரண்டாவது வெடி கேட்டது. மேசைக்குக் கீழே இருந்து கனகசபையின் குரல் வந்தது. "பயப்பிடாதையும் அம்பிகை. இது போறது. வாறது இல்லை."

என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். இங்கேயிருந்து அடிக்கிற செல்லுக்கு ஒரு சத்தம், இங்கே வந்து விழுகிற செல்லுக்கு வேறு சத்தம், பெட்டிக்குள் இருப்பது அடிக்கிற சத்தம் என்று கனகசபை சொல்ல, கிளின்ரன் அதை விளக்கினான். மேஜரும் வைத்திய அதிகாரியும் ஆளை ஆள் பார்த்தார்கள். பதினொரு வருடமாக அவர்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் தங்கள் வீரர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

கனகசபையை நாலு கை பிடித்துத் தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். மேஜர் குனிந்து, மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டா. அது படிவத்தில் இல்லாத கேள்வி.

"உன் அனுபவத்தில், போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் மக்கள் முதலில் என்ன செய்யவேண்டும்?"

"பிள்ளையளை வெளியில அனுப்பிப்போட வேணும்."

"எங்கே அனுப்புவது?"

"உங்கட நாட்டுக்குத்தான் அனுப்பினனாங்கள்" என்றார் கனகசபை.

கிளின்ரன் தலையைக் குனிந்துகொண்டு அதை மொழிபெயர்த்தான். மேஜர் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டா. தங்கள் நாட்டின் நற்பெயருக்கு இது நல்ல சான்று என்றும், ஆண்டறிக்கையில் சேர்க்க அனுமதி தேவை என்றும் சொன்னா.

பிறகு முடிவை வாசித்தா. "என். கனகசபை, நீ தேறிவிட்டாய். முதலாம் வகை. எங்கள் படையில் இதுவரை எவரும் எடுக்காத புள்ளி."

"எனக்கு எழுபத்தொரு வயது" என்றார் கனகசபை. "என்னைக் கொண்டுபோய் என்ன செய்வியள்?"

"உன்னைக் கொண்டுபோகப் போவதில்லை. புள்ளிகள் ஆள் இலக்கத்தில் பதியப்படும். இலக்கம் நிலாந்தியுடையது."

கனகசபை மேசையில் கிடந்த தன்னுடைய அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமோ?"

"வாசலிலேயே தெரியும். கோப்பில் பதினெட்டு வயதுப் பெண் என்று இருக்கிறது. நாங்கள் குருடர்கள் அல்ல. ஆனால் ஒருவரைத் தோற்றத்தையும் வயதையும் பாலையும் வைத்து எடைபோடுவது எங்கள் நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கோப்பின்படி நிலாந்தி ஐந்து வருடம் மின்சாரமில்லாமல் வாழ்ந்தவள். செல்லின் சத்தம் பிரித்தறிபவள். அப்படிப்பட்டவளைக் கதிரையில் வைத்திருக்க முடியாது. ஆவணி முதலாம் தேதி வடக்கு எல்லையின் முதலாவது காவலரணுக்கு அனுப்புகிறோம்."

"ஐயோ, அது நான்! அவள் வெடிச் சத்தத்துக்கு அழுகிற பிள்ளை!" கனகசபை மேஜரின் கையைப் பிடித்தார். "அவளுக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் கள்ளம் செய்தனான்."

மேஜர் அந்தக் கையைத் தடவிக்கொடுத்தா. "ஒருவருக்காக இன்னொருவர் சோதனைக்குத் தோற்றுவது எங்கள் நாட்டில் குற்றம். இருவருக்கும் இரண்டு வருடச் சிறை. ஆகவே இங்கே சோதிக்கப்பட்டது நிலாந்தி என்றே நாம் எல்லாரும் நினைத்துக்கொள்வோம். மனிதாபிமானமாகப் பார்த்தால் அதுதான் சரி."

போகுமுன் தட்டுக் கணினியை அவர் முன்னால் நீட்டினார்கள். அதில் சிவப்பு முகம், மஞ்சள் முகம், பச்சை முகம். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கேட்டது. கனகசபை பயத்தில் பச்சை முகத்தை அமத்தினார்.

வான் வெளிக்கிட ஆயத்தமானபோது கிளின்ரன் பேனையை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். பேனை அவனுடைய பையில்தான் இருந்தது.

"ஐயா," என்றான் மெதுவாக, "ஆவணியில அவள் அங்க நிக்கக்கூடாது. ஆறு மாசத்துக்கு மேல நாட்டுக்கு வெளியில நிண்டா பேரை வெட்டுவினம். நான் சொன்னது எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

முதல் தரமாக அவன் வாயில் மரியாதையான 'ங்கோ' வந்திருந்தது. வாசல்வரை ஓடிப்போய் வானில் ஏறிக்கொண்டான்.

கனகசபை கதிரையை விட்டு எழும்பவில்லை. அம்பிகைதான் நம்பரைப் போட்டு ரெலிபோனை அவருடைய காதில் வைத்தாள். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் மகனுக்குச் சொன்னார். சொல்லி முடிக்கிறபோது அழுதார்.

"பிள்ளையை இஞ்ச அனுப்படா" என்றார்.

"அங்கயோ? அப்பா, உங்களுக்கு விசரோ? அங்க ஆமியும் நேவியும் நிக்குது எண்டுதானே என்னை இஞ்ச அனுப்பினீங்கள்?"

"நிக்குது. இல்லையெண்டு ஆர் சொன்னது? ஒழுங்கை முடக்கில நிக்குது. எத்தினை பேர், எப்ப ஆள் மாறுறது, எந்தப் பக்கத்தால வரும், எல்லாம் எனக்குப் பாடம். வேலிச் சத்தம் கேட்டா ஒளிக்கலாம். உன்ர ஆமி வாசலில சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டு, கும்பிட்டுக்கொண்டு உள்ளுக்கு வருகுதடா. அதுக்கு எங்க ஒளிக்கிறது எண்டு எனக்குத் தெரியாது."

சுதாகரன் இந்தமுறை சிரிக்கவில்லை.

"ரிக்கற் பாக்கிறன் அப்பா" என்றான்.